இடது பக்கம் மந்தம்

மார்ச் 4

மாப்ளைக்கு,

போன் பண்ணினா எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டே. சரி, எழுதறேன். தபால்ல வந்தா கிழிச்சுப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது கண்ணுல படும்.

விஷயம் இதுதான். உங்க அக்கா பாதியில விட்டுட்டுப் போன வால்வு ஆம்ப்ளிஃபயரை முடிச்சுட்டேன். ஆசைப்பட்டு ஆரம்பிக்கலை. அவ போய் ஒரு மாசம் கழிச்சு அவ மேஜையைக் காலி பண்ணலாம்னு உக்காந்தேன். எதை எந்த டப்பாவுல போடறதுன்னு தெரியலை. நோட்டைத் திறந்து பார்த்தா பதினேழாம் பக்கம் வரைக்கும் டிக் அடிச்சு வச்சிருக்கா. பதினெட்டாம் பக்கத்துல இருந்ததை நான் பண்ணினேன். மறுநாள் பத்தொன்பது. இப்படியே நாலு மாசம் ஓடிருச்சு. அச்சு பிரஸ்ஸுலேர்ந்து வர அஞ்சரை ஆகும். ஆறு மணிக்கு வயருங்களுக்கு ஈயம் வைக்க உக்காந்தா எட்டு மணிக்கு எழுந்திருப்பேன். அந்த ரெண்டு மணி நேரம் எப்படிப் போகுதுன்னு கவலையில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் கரண்ட் குடுத்தேன். நாலு கண்ணாடி வால்வும் எரியுது. புகை வரலை. ரேடியோவை அதுல மாட்டினேன். வலது பக்க ஸ்பீக்கர் பெட்டி நல்லா பாடுது. இடது பக்கம் மந்தமா இருக்கு. நின்னுபோகலை, சத்தம் வருது. ஆனா போர்வைக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி வருது. செய்தி வாசிக்கிறவர் குரல் ரெண்டு பெட்டிக்கும் நடுவுல வரணும்னு நோட்டுல எழுதியிருக்கா. இங்க அவர் வலது பெட்டிகிட்ட போய் உக்காந்துக்கிட்டு வாசிக்கறார்.

எங்க பார்க்கணும்னு எழுது. கோபத்தை அப்புறம் வச்சுக்கலாம்.

மாமா

மார்ச் 9

மாமாவுக்கு,

கிழிச்சுப் போடலை, படிச்சேன். அதுக்காக எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்க வேண்டாம்.

நீங்களா ஈயம் வச்சீங்க? பல்பு மாத்தறதுக்கு ஸ்டூலைப் போட்டுட்டு அக்காவைக் கூப்பிடற நீங்களா? முதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் ஆத்திரம் வந்துச்சு. உங்க கடுதாசியில மந்தம் இருக்கு, வால்வு இருக்கு, பக்கம் பதினெட்டு இருக்கு. அவ இல்லாம இருக்க முடியலைன்னு ஒரு வரி இருக்கான்னு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்ல. அவளை எடுத்த அன்னிக்கு வீட்டுலயும் அப்படித்தானே? வந்தவங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கிட்டு இருந்தீங்க. ஒரு சொட்டு கண்ணீர் கிடையாது. என்ன மனுஷன் இவருன்னு என் பொண்டாட்டி கேட்டா.

உங்களுக்கு மறந்திருந்தா ஞாபகப்படுத்தறேன். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தப்ப அக்கா போய் ஆறு மணி நேரம். நர்சம்மா என்னைப் பார்த்ததும் கேட்டாங்க. "நீங்கதான் தம்பியா? காலையிலேர்ந்து தம்பி தம்பின்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்களே." பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து குடுத்துக்கிட்டு இருந்தவங்க காதுல விழுந்தது, கட்டிலை ஒட்டி உக்காந்திருந்த உங்க காதுல விழலையாக்கும்? ஒரு போன் போதும் மாமா. அஞ்சு மணி நேரத்துல வந்திருப்பேன். முகத்தைப் பார்த்திருப்பேன். அதை நீங்க எனக்குக் குடுக்கலை. நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

இப்ப ஆம்ப்ளிஃபயர். உங்களுக்காக இல்ல, அவ கை வச்ச பொருளுங்கறதுக்காக எழுதறேன். அதுக்குள்ள முந்நூறு வோல்ட் இருக்கு. சுவிட்சை நிறுத்தின பிறகும் கண்டென்சர்ல கரண்ட் நிக்கும். பத்து நிமிஷம் கழிச்சுத் தொடுங்க. தொடறப்ப ஒரு கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கங்க. ரெண்டு கையும் உள்ள போனா கரண்ட் நெஞ்சு வழியா போகும். நான் வேலை பார்க்கற பவர் ஹவுஸ்லயும் இதான் முதல் பாடம்.

பழுது கண்டுபிடிக்க ஒரே வழிதான். இடத்தை மாத்திப் பாருங்க. இடது வால்வுங்களை வலதுல போடுங்க, வலதை இடதுல. மந்தம் கூடவே வலது பக்கம் போச்சுன்னா வால்வுல கோளாறு. போகலைன்னா, ரேடியோவிலேர்ந்து வர்ற ரெண்டு வயரையும் மாத்திப் பாருங்க. பழுது நகருதா, அங்கயே நிக்குதா? அதை மட்டும் எழுதுங்க.

இவன்

மார்ச் 14

மாப்ளைக்கு,

வால்வை மாத்தினேன். நகரலை. வயரை மாத்தினேன். நகரலை. இடது பக்கமே நிக்குது.

அவ ஒரு கையை முதுகுல கட்டிக்கிட்டு வேலை செய்வா. பெரிய மகாராணின்னு நான் கிண்டல் பண்ணுவேன். காரணம் கேட்டதே இல்லை. இப்பத்தான் தெரிஞ்சது.

நீ எழுதினதுக்குப் பதில் சொல்லணும். "தம்பிக்கு இப்பச் சொல்லாதீங்க, டூட்டியில பதறிப்போவான், டெஸ்ட் ரிசல்ட் வரட்டும்"னு போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி அவளே சொன்னா. அதனாலதான் சொல்லலை. கடைசி நாள் உன்னைக் கேட்டான்னு சொல்றே. என்கிட்ட கேக்கலை. நெஞ்சுல கை வச்சுச் சொல்றேன். அன்னிக்கு முழுக்க அவ என்கிட்ட கேட்டது தண்ணி ஒண்ணுதான். குரல் உள்ள போயிருச்சு. நாலு தடவை கேட்டா, நாலு தடவையும் குடுத்தேன். இன்னொண்ணு, உன்னை அவ தம்பின்னு கூப்பிட்டு நான் கேட்டதே கிடையாது. சின்ன வயசுலேர்ந்து நீ பட்டுனு கோபப்பட்டுப் பொசுக்குனு அணைஞ்சு போவேன்னு 'ஃபியூஸ்'னுதானே கூப்பிடுவா? நர்சம்மா வேற யாரையோ நினைச்சுச் சொல்லியிருக்கலாம்.

அழலைன்னு கேக்கறே. எனக்கே தெரியலை. பல்லு புடுங்கறதுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டா எப்படி இருக்கும், அப்படி இருக்கு. ஊசி இறங்கட்டும்னு பார்த்துக்கிட்டு இருக்கேன். அஞ்சு மாசம் ஆச்சு.

மாமா

மார்ச் 19

மாமாவுக்கு,

நர்சம்மாவைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்க. பேஷ். இந்தப் பேச்சை இனிமே எடுக்க மாட்டேன்.

வால்வு இல்ல, வயரும் இல்லைன்னா மிச்சம் இருக்கறது பெட்டிக்குச் சத்தத்தை அனுப்பற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்தான். வலது பக்கத்துக்கு உள்ளது அக்கா நல்லா இருந்தப்ப கட்டினது. இடது பக்கத்துது கடைசியா கட்டினது. காயில் கட்டற கடையில இருபத்திரெண்டு வருஷம் மோட்டாருக்கும் ஃபேனுக்கும் கட்டின கைதான். ஆனா அப்ப கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. ரெண்டாயிரத்துச் சொச்சம் சுத்து, முடி மாதிரி கம்பி. எங்கயோ ஒரு சுத்து இன்னொண்ணு மேல உரசியிருக்கும். ஒரு சுத்து ஷார்ட் ஆனா போதும், சத்தம் மந்தமாயிடும்.

கழட்டி அனுப்புங்க. இங்க வெட்டிப் பிரிச்சு நான் திருப்பிக் கட்டறேன். வேற வழியில்ல.

இதை எழுதறப்ப எனக்கு என்ன பண்ணுதுன்னு உங்களுக்குத் தெரியுமான்னு தெரியலை. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவுல ஒரு பேப்பர் வைப்பா. அதுல எத்தனையாவது அடுக்கு, எத்தனை சுத்துன்னு பென்சில்ல எழுதுவா. அவ கையெழுத்து உள்ள அடுக்கடுக்கா இருக்கு. மேல வார்னிஷ்ல முக்கிக் காய வச்சது. பிரிச்சா பேப்பர் முழுசா வராது, பிய்ஞ்சுதான் வரும். அவ கடைசியா செஞ்ச வேலை அதுதான். அதை என் கையாலயே வெட்டணும்.

வெட்டட்டுமா? நீங்க சொல்லுங்க. நீங்கதானே புருஷன்.

இவன்

மார்ச் 24

மாப்ளைக்கு,

வெட்டணும்னா வெட்டு. கழட்டிட்டேன். பழைய துண்டுல சுத்தி அட்டைப் பெட்டியில வச்சிருக்கேன். நாளன்னிக்கு சனிக்கிழமை, பிரஸ் அரை நாள்தான். போஸ்ட் ஆபீஸ்ல சேர்த்துடறேன்.

நீ கேட்டதால சொல்றேன். அதை அவ கட்டினப்ப நான் பக்கத்துலயே இருந்தேன். பதினொரு நாள் ஆச்சு. அவ கைப்பிடியைச் சுத்துவா, நான் கம்பி உருளையைப் பிடிச்சுக்கணும். எப்பவும் அவளுக்கு இடது பக்கமாத்தான் உக்காரணும். மறந்து மறுபக்கம் உக்காந்துட்டா எழுப்பி விட்டுருவா. "இந்தப் பக்கம் வாங்க, அங்க உக்காந்தா உங்களோட பேசி ஒரு பிரயோஜனமும் இல்ல"ன்னு சொல்வா. சாப்பாட்டு மேஜையிலயும் அப்படித்தான், பஸ்ஸுலயும் அப்படித்தான். அவளுக்கு அது ஒரு பிடிவாதம். சுத்தறப்ப வாய்விட்டு எண்ணுவா. நூறு வந்தா நிறுத்தி என்னை ஒரு தடவை திரும்பிச் சொல்லச் சொல்வா. கை நடுங்கினா நிறுத்திடுவா. ஒரு சுத்தும் உரசலைன்னுதான் எனக்குத் தோணுது. ஆனா எனக்கு என்ன தெரியும்?

பெட்டிக்கு டேப் ஒட்டறப்ப ஏதாவது தோணும்னு நினைச்சேன். தோணலை. டேப் கோணலா போச்சுன்னு எடுத்துட்டுத் திருப்பி ஒட்டினேன்.

மாமா

மார்ச் 27
அவசரத் தபால்

மாமாவுக்கு,

அனுப்பாதீங்க. இது போய்ச் சேர்றதுக்குள்ள அனுப்பியிருந்தா, பெட்டி வந்தாலும் தொட மாட்டேன், அப்படியே திருப்பி அனுப்பறேன்.

என்னைச் செருப்பால அடிக்கணும். வால்வை மாத்தச் சொன்னேன், ரேடியோ வயரை மாத்தச் சொன்னேன். ஆம்ப்ளிஃபயர்லேர்ந்து பெட்டிக்குப் போற வயரை மாத்தச் சொல்லவே இல்லையே! டிரான்ஸ்ஃபார்மர்ல கை வைக்கறதுக்கு முன்னாடி அதைத்தான் பார்க்கணும். எனக்குக் கீழ இருக்கற ஆள் எவனாவது இப்படிப் பண்ணியிருந்தா ஒரு வாரம் திட்டித் தீர்த்திருப்பேன். உங்க மேல இருந்த கோபத்துல அவ வேலையைத் தப்புன்னு சொல்லிட்டேன். சுவிட்ச் போர்டு முன்னாடி நின்னுக்கிட்டு இருக்கறப்ப பொறி தட்டுச்சு. ஷிப்ட் முடியற வரைக்கும் இருப்புக் கொள்ளலை.

போன்ல சொல்லியிருக்கலாம். ரெண்டு தடவை எடுத்துட்டு வச்சுட்டேன். உங்க குரலைக் கேட்டா வேற ஏதாவது பேசிடுவேன்.

டிரான்ஸ்ஃபார்மரைத் திரும்ப மாட்டுங்க. இடது பக்கத்துக்குப் போற வயரை வலது பெட்டிக்குக் குடுங்க, வலதை இடதுக்கு. அப்புறம் பெட்டிங்களையே தூக்கி இடம் மாத்துங்க. அப்புறம் அறையைப் பாருங்க. இடது பக்கம் திரைச்சீலை, மெத்தை, துணி ஏதாவது இருந்தா அது சத்தத்தைக் குடிக்கும்.

இவன்

ஏப்ரல் 2

மாப்ளைக்கு,

அனுப்பலை. சனிக்கிழமை மழை, போஸ்ட் ஆபீஸ் போகலை. மாட்டிட்டேன். ரெண்டு சாயங்காலம் ஆச்சு. ஒரு கை முதுகுலதான் இருந்தது.

பெட்டிக்குப் போற வயரை மாத்தினேன். நகரலை. அப்படின்னா அவ கடைசியா கட்டின டிரான்ஸ்ஃபார்மர் இப்ப வலது பெட்டியை ஓட்டுது, வலது பெட்டி கணீர்னு இருக்கு. அவ வேலையில தப்பில்லைன்னு எனக்கே புரிஞ்சது. அதை முதல்ல எழுதணும்னு நினைச்சேன்.

பெட்டிங்களை இடம் மாத்தினேன். முதுகு பிடிச்சுக்கிச்சு. நகரலை. திரைச்சீலையைக் கழட்டினேன். அவ பீரோ இடது பக்கச் சுவர்ல இருந்தது, அதையும் அடுத்த அறைக்குத் தள்ளிட்டேன். இப்ப ரெண்டு பக்கமும் வெறும் சுவர். எதிரொலி வர்ற அளவுக்குக் காலி. இன்னும் இடது பக்கம்தான் மந்தம். செய்தி வாசிக்கிறவர் வலது பக்கத்தை விட்டு எழுந்து வர மாட்டேங்கறார்.

மாத்தறதுக்கு இனிமே இந்த வீட்டுல ஒண்ணும் இல்லை. என்ன பண்ணட்டும்?

மாமா

ஏப்ரல் 6

மாமாவுக்கு,

மாத்தாம விட்டது இன்னும் ஒண்ணு இருக்கு.

உங்க நாற்காலியைத் திருப்பிப் போடுங்க. பெட்டிங்களுக்கு முதுகைக் காட்டி உக்காருங்க. ரேடியோ ஓடட்டும். இப்ப எந்தப் பெட்டி மந்தமா இருக்குன்னு பாருங்க. உக்காந்த பிறகு எது இடது எது வலதுன்னு குழம்புவீங்க, அதனால முன்னாடியே ஒரு பெட்டி மேல ஒரு புஸ்தகத்தை வச்சு அடையாளம் பண்ணிக்கங்க.

பிரஸ்ஸுல அந்தப் பெரிய மெஷின் உங்களுக்கு எந்தப் பக்கமா ஓடுது?

இதுக்கு மேல எழுத எனக்குத் தைரியம் இல்ல.

இவன்

ஏப்ரல் 11

மாப்ளைக்கு,

இடது பெட்டி மேல புஸ்தகத்தை வச்சேன். திரும்பி உக்காந்தேன். புஸ்தகம் வச்ச பெட்டி கணீர்னு பாடுச்சு. இத்தனை நாள் நல்லா இருந்த பெட்டி மந்தமாயிடுச்சு. எழுந்து நேரா உக்காந்தேன், பழையபடி ஆச்சு. திரும்பவும் உக்காந்து பார்த்தேன். மூணு தடவை பார்த்தேன்.

பழுது என்கூடவே நகருது மாப்ள. என் இடது காதுல இருக்கு.

மெஷின் எனக்கு இடது பக்கம்தான். முப்பத்தோரு வருஷம். முந்தாநாள் பிரஸ் பக்கத்துல இருக்கற காது டாக்டர்கிட்ட போனேன். ஒரு சின்ன அறையில உக்கார வச்சு, சத்தம் கேட்டா கையைத் தூக்குங்கன்னார். வலது காதுக்குத் தூக்கிக்கிட்டே இருந்தேன். இடது காதுக்கு ஆரம்பிச்சதுன்னே எனக்குத் தெரியலை. எப்ப சார் ஆரம்பிப்பீங்கன்னு கேட்டேன். முடிஞ்சு போச்சுன்னார். பல வருஷமா இப்படித்தான் இருக்கும், வீட்டுல யாரும் சொல்லலையான்னு கேட்டார். இல்லைன்னேன். வெளிய வந்து பஸ்ஸுல உக்காந்த பிறகுதான் உறைச்சது. உங்க அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கு. என் மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்ல வேண்டாம்னு என்னை இடம் மாத்தி மாத்தி உக்கார வச்சிருக்கா. அதைத்தான் பிடிவாதம்னு உனக்கு எழுதினேன்.

இப்ப நான் சொல்லப் போறதை நீ உக்காந்துக்கிட்டுப் படி.

ஆஸ்பத்திரியில கட்டிலுக்கு ஒரு பக்கம் சுவர். மறுபக்கம்தான் நாற்காலி போட இடம். டாக்டர் வர்றாரான்னு கதவைப் பார்த்து உக்காந்திருந்தேன். கட்டில் எனக்கு இடது பக்கம் இருந்தது. அவளால என்னை எழுப்பி மாத்தி உக்கார வைக்க முடியலை. குரல் காத்தாட்டம் வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு காதைக் குடுத்தேன். கிட்ட இருந்த காதைத்தான் குடுத்தேன்.

அவ தண்ணின்னு சொல்லலை. தம்பின்னு சொல்லியிருக்கா.

நேத்து சாயங்காலம் நானே அந்த ரெண்டு வார்த்தையையும் மெதுவா சொல்லிப் பார்த்தேன். வலது காதைப் பொத்திக்கிட்டுச் சொன்னா எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. ஃபியூஸ்னு சொல்லியிருந்தா தண்ணின்னு நினைச்சிருக்க மாட்டேன். ஏன் அன்னிக்குப் பார்த்துத் தம்பின்னு கூப்பிட்டாளோ.

நர்சம்மா சரியாத்தான் சொன்னாங்க. நீயும் சரியாத்தான் சொன்னே. நான் உன்கிட்ட பொய் சொல்லலை, ஆனா உண்மையும் அது இல்லை. உன் அக்கா முகத்தை நீ பார்க்காமப் போனதுக்கு நான்தான் காரணம். மன்னிச்சுடுன்னு எழுத வரலை. அந்த வார்த்தை பத்தாது.

மாமா

ஏப்ரல் 18

மாமாவுக்கு,

நாலு நாளா உங்க கடுதாசியைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டே திரிஞ்சேன். டூட்டியில எடுத்துப் படிச்சேன், சாப்பிடறப்ப படிச்சேன். என் பொண்டாட்டி வாங்கிப் படிச்சுட்டு எழுந்து உள்ள போயிட்டா.

நாற்காலியைத் திருப்பச் சொன்னப்பவே எனக்குச் சந்தேகம். நீங்க ரிசீவரை எப்பவும் வலது காதுலதான் வைப்பீங்க, சின்னதுலேர்ந்து பார்த்திருக்கேன். ஆனா தண்ணி விஷயம் எனக்குத் தோணவே இல்ல.

ஆறு மாசமா உங்களைத் திட்டிக்கிட்டே இருந்தேன் மாமா. பல்லு விளக்கறப்பகூடத் திட்டுவேன். அதுதான் எனக்குத் துணையா இருந்துச்சு. இப்ப அதையும் பிடுங்கிட்டீங்க. இனிமே நான் யார் மேல கோபப்படறது? அந்த மெஷின் மேலயா? அக்கா மேலயா, புருஷனுக்குக் காது கேக்கலைன்னு ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாம இருந்தாளே, அவ மேலயா? அழறேன் மாமா. எழுத்து கலைஞ்சிருந்தா கண்டுக்காதீங்க.

அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை வர்றேன். வால்வுங்களுக்குக் கரண்ட் அளவு நானே பார்த்து வைக்கறேன், அதுல நீங்க கை வைக்க வேண்டாம். பீரோவைப் பழைய இடத்துலயே போடலாம்.

அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு எழுதுங்க. நேர்ல கேக்க எனக்கு வாய் வராது. அவ தம்பின்னு கேட்டு நீங்க தண்ணி குடுத்தீங்களே, அதைக் குடிச்சாளா? இல்ல, வேண்டாம்னு தலையைத் திருப்பிக்கிட்டாளா?

ஃபியூஸ்

ஏப்ரல் 22

மாப்ளைக்கு,

ஞாயித்துக்கிழமை வா. வந்தா எனக்கு வலது பக்கமா உக்காரு.

குடிச்சா. முதல் தடவை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டுக் குடிச்சா. ரெண்டாவது தடவையும் மூணாவது தடவையும் ஒவ்வொரு வாய். நாலாவது தடவை நான் டம்ளரை எடுக்கறதைப் பார்த்துச் சிரிச்சா. குடிச்சுட்டு என் கையைத் தட்டிக் குடுத்தா. அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கலை.

தாகம் தீர்ந்துடுச்சுன்னு நினைச்சேன்.

மாமா